தலையசைவும் அளவுகோலும்: சில குறிப்புகள்

அறுகம்பேக் கரையில் வள்ளம் தள்ளும் கடற்றொழிலாளி ஒருவரிடம், "காக்கா, நாளைக்கும் கடலுக்குப் போறீங்களா?" என ஊர் இளைஞன் வினவுகிறான் என வைத்துக்கொள்வோம். அவர் வாய் திறவாது தலையை இருபுறமும் மெல்லச் சாய்த்து ஆட்டுவார். இளைஞன் அதனை உடன்பாடெனக் கொள்வான். அலைச்சறுக்கலுக்கென வந்த பிறநாட்டவரோ மறுப்பென மயங்குதல் கூடும். ஒரே அசைவு இருவருக்கு இரு பொருள் தருகின்றது. மனிதரின் தலையசைவை ஆய்வுகூடத்தில் கருவி கொண்டு அளக்கும் முயற்சியை விளக்கப் புகும் நாம், இம்முரண்பாட்டிலிருந்தே தொடங்குதல் பொருந்தும்.

தலையின் சுழற்சியை மூன்று அச்சுக்கள் பற்றி விபரிக்கலாம். மேலுங் கீழுமாக அசைத்தல் ஒன்று. இடம் வலமாகத் திருப்புதல் மற்றொன்று. தோளை நோக்கிச் சாய்த்தல் மூன்றாவது. பரிசோதனைக்குட்படுவோரின் தலையில் இறுகப் பொருத்தப்படும் சிறு கருவி, ஒவ்வோர் அச்சிலும் தலை செக்கனுக்கு எத்தனை பாகை சுழல்கின்றது என்பதைப் பதிவு செய்யும். நம் கடற்றொழிலாளியின் விடை பெரிதும் மூன்றாம் அச்சைச் சார்ந்தது. முதலிரு அச்சுக்களை மட்டும் கருதி, ஒன்றை 'ஆம்' என்றும் மற்றதை 'இல்லை' என்றும் வகுத்த கருவிக்கு அவர் விடையளித்ததே புலப்படாது.

தலையசைவை ஏன் அளக்கின்றனர்? உட்காதிலுள்ள மூன்று அரைவட்டக் கால்வாய்கள் தலையின் சுழற்சியை உணர்ந்து நரம்புவழி அறிவிக்கின்றன. ஏறத்தாழப் பத்து மில்லிசெக்கனுக்குள் கண்கள் எதிர்த்திசையில் திரும்பிப் பார்வையை நிலைநிறுத்துகின்றன. வாசகர் இதனைத் தாமே சோதித்தறியலாம். இப்பக்கத்தை அசையாது பிடித்துத் தலையை விரைவாக இடம் வலமாக ஆட்டினால் எழுத்துக்கள் தெளிவாகவே தெரியும். தலையை அசையாது வைத்துப் பக்கத்தை அதே விரைவில் ஆட்டினால் எழுத்துக்கள் கலங்கிவிடும். ஆடும் வள்ளத்திலிருந்து கரையிலுள்ள அடையாளத்தைக் குறிவைத்துத் திசையறியும் மீனவருக்குத் துணைநிற்பதும் இப்பொறிமுறையே.

1988இல் சிட்னியில் ஹல்மாகி, கேர்தோய்ஸ் என்னும் ஆய்வாளர் இதனை மருத்துவச் சோதனையாக வகுத்தனர். நோயாளி சுவரிலுள்ள புள்ளியொன்றை நோக்கியிருக்க, மருத்துவர் அவரது தலையைச் சிறிதளவு, ஆயின் சடுதியாகத் திருப்புவார். உட்காது பழுதுற்றிருப்பின் கண்கள் முதலில் தலையுடன் இழுபட்டுப் பின்னரே புள்ளிக்குத் தாவும். இன்று நுண்ணிய ஒளிப்படக் கருவிகள் கண்ணின் வேகத்தையும் தலையின் வேகத்தையும் ஒப்பிட்டு விகிதமாகத் தருகின்றன. அவ்விகிதம் ஒன்றை அண்மித்திருத்தல் நலத்தின் அறிகுறி. தலைச்சுற்றால் தொழிலிழந்து நிற்கும் ஒருவருக்கு இவ்வளவீடு பெரும் பயனுடையது என்பதில் ஐயமில்லை.

ஆயின் அசைவின் வேகம் வேறு, அசைவின் பொருள் வேறு. சாள்ஸ் டார்வின் உலகின் பல பாகங்களுக்கும் அனுப்பிய வினாக்கொத்தில், உடன்பாட்டுக்குத் தலை மேலுங் கீழுமாகவும் மறுப்புக்கு இடம் வலமாகவும் அசைக்கப்படுகிறதா எனக் கேட்டிருந்தார். உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றிய அவரது நூல் 1872இல் வெளிவந்தது. ஏறத்தாழ நூறாண்டுகளின் பின்னர் மொழியியலாளர் றோமன் யாக்கொப்சன், பல்கேரியர் முதலானோரின் தலையசைவுகளை ஆராய்ந்து, அவை ஒவ்வொரு பண்பாட்டிலும் ஓர் ஒழுங்கமைந்த குறிமுறையாக இயங்குவதை விளக்கினார்.

நமது கலைமரபும் இதனை உணர்ந்திருந்தது. அபிநயதர்ப்பணம் ஒன்பது வகைத் தலையசைவுகளைக் கூறும். அவற்றுள், வெண்சாமரை வீசுவதுபோல் தலையை இருபுறமும் அசைக்கும் பரிவாகிதம், மகிழ்ச்சிக்கும் உடன்பாட்டுக்கும் உரியதாகச் சொல்லப்படுகின்றது. குழந்தை கையூன்றித் தலைதூக்கி ஆடும் நிலையைப் பிள்ளைத்தமிழ் செங்கீரைப் பருவமெனப் போற்றிற்று. இசுலாமியத் தமிழ்ப் புலவர்களும் இவ்விலக்கிய வடிவத்தைக் கையாண்டனர். இங்கெல்லாம் அசைவு தனித்து நிற்கவில்லை. அதனைக் காண்போரும் உடனிருக்கின்றனர்.

அளவீட்டின் வரலாறு நம்மை எச்சரிக்கின்றது. 1880களில் இலங்கை வந்த சுவிற்சர்லாந்தினரான போல் சரசின், பிரிற்ஸ் சரசின் ஆகியோர் வேடரின் மண்டையோடுகளை அளந்து நூல் வெளியிட்டனர். சென்னை அரும்பொருட்காட்சியகத்தின் எட்கார் தேஸ்டன், தென்னிந்திய மக்களின் தலைகளையும் மூக்குகளையும் அளந்து சாதிவாரியாக அட்டவணைப்படுத்தினார். காலனித்துவம் தலையின் வடிவை அளந்தது. முதலாளித்துவமோ உடலின் அசைவை அளந்தது. 1910களில் அமெரிக்காவில் கில்பிறெத் தம்பதியினர் தொழிலாளரின் கைகளில் சிறு மின்விளக்குகளைப் பொருத்தி, அவற்றின் ஒளித்தடத்தைப் படமெடுத்து, 'வீண்' அசைவுகளைக் களைய முயன்றனர். இன்று பாரவூர்தியோட்டுநரின் தலை தூக்கத்தால் தாழ்வதைக் கண்டறியும் கருவிகள் உள்ளன. அவை விபத்தைத் தடுக்கலாம். ஆயின் ஓட்டுநரை உறக்கமின்றி ஓடவைத்த வேலைநேரத்தை அக்கருவி அளப்பதில்லை.

மருதமுனைக் கைத்தறியில் பாவின் இழையொன்று அறுந்ததும் நெசவாளியின் தலை தாழ்கின்றது. கருவி அதனை இத்தனை பாகைச் சாய்வு எனக் குறிக்கும். அந்தச் சாய்வில் தொழிற்றிறன் உண்டு, கழுத்துநோவு உண்டு, அன்றைய கூலி பற்றிய கவலையும் உண்டு. அவற்றை அறிய அவரிடமே கேட்டாக வேண்டும்.

எனவே அளவீட்டை நாம் மறுக்கவில்லை. யார், யாரை, எவர் நலனுக்காக அளக்கின்றனர் என வினவுகின்றோம். அளக்கப்படுவோர் ஆய்வின் நோக்கத்தை அறிந்து இசைதலும், பெறுபேறு அவர்தம் மொழியிலேயே அவரிடம் மீளுதலும், தம் அசைவின் பொருளை உரைக்கும் உரிமை அவருக்கிருத்தலும் இன்றியமையாதன. அறுகம்பேக் கடற்றொழிலாளியின் தலையாட்டலை மறுப்பெனப் பதிந்துகொண்ட ஆய்வு, எத்துணைத் துல்லியமான பாகைக் கணக்கைத் தந்தபோதிலும், பிழையான ஆய்வேயாகும்.