ராக்கெட்டில் படை அனுப்பலாமா?

சூலூர் வானில் ராணுவச் சரக்கு விமானங்களைக் கோவை வாசகர்கள் கண்டிருப்பார்கள். அவற்றினும் பெரிய விமானங்களில், 1988 நவம்பர் 3 இரவு, ஆக்ராவிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் மாலத்தீவில் நம் வீரர்கள் இறங்கி, ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியை முறியடித்தனர்.

தனியார் ராக்கெட்டில் 100 டன் வரை சரக்கை ஒரு மணி நேரத்திற்குள் உலகின் எந்த மூலைக்கும் அனுப்ப ஆராயும் திட்டத்தை 2021இல் அமெரிக்க விமானப்படை அறிவித்தது. பயண நேரம் குறைவுதான். ஆனால் ஏவுமுன் எரிபொருள் நிரப்ப வேண்டும். வானிலையும் இசைய வேண்டும். இறங்கும்போது பீறிடும் அனல் தரையைப் பெயர்க்கும். திரும்பி எழத் தேவையான திரவ ஆக்சிஜன் போர்முனையில் கிடைக்குமா?

இவற்றினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. விண்வெளியைத் தொட்டு வளைந்து இறங்கும் பாதை ஏவுகணைக்கும் உரியது. ராடாரில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினால், உதவிப் பொருளே போரைத் தொடங்கிவிடக்கூடும்!