மதுவிலக்கும் அறச்சட்டத்தின் அடிப்படையும்: ஓசூர் எல்லையை முன்வைத்து

அறச்சட்டம் மனிதரைக் கட்டுப்படுத்துவது எதனால் என்னும் வினாவிற்கு அரசாணை, பயன், பகுத்தறிவு என வெவ்வேறு விடைகளை அறவியலார் தருவர். இவ்விடைகள் ஒரே நிகழ்வில் எதிரெதிர் நின்ற களமாக அன்றைய சேலம் மாவட்டத்தைக் கொள்ளலாம். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, சென்னை மாகாண முதன்மை அமைச்சரானபின், 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை இம்மாவட்டத்தில்தான் முதலில் நடைமுறைப்படுத்தினார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அதனுள் அடங்கியிருந்தன.

இராஜாஜியின் வாதம் பெரிதும் பயன் நோக்கியது. 1929இல் அவர் தொடங்கிய ‘விமோசனம்’ இதழ் மதுவிலக்கிற்கெனவே நடத்தப்பெற்றது. கலால் வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. அறமும் கருவூலத்திற்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது.

எல்லை இவ்வினாவைக் கூர்மையாக்குகிறது. ஜுஜுவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி. 1937இல் அது சென்னைச் சட்டம் செல்லாத மைசூர் சமஸ்தானம். அரசாணையே அறத்தின் வேர் எனின், ஒருவர் குடிப்பது எல்லைக்கு இப்பால் தீமையாகவும் அப்பால் தீமையற்றதாகவும் ஆதல் வேண்டும். இதனை ஏற்பார் அரியர். காவலருக்கு அஞ்சிக் குடியாதிருத்தல் காண்ட் நோக்கில் சட்ட இணக்கமே, அறம் அன்று. 1797இல் வெளிவந்த நூலில் அவர் போதையை ஒருவர் தமக்கே ஆற்ற வேண்டிய கடமையை மீறுதலாகக் கருதினார். அது அறிவைப் பயன்படுத்தும் ஆற்றலையே முடக்குகிறது என்பது அவர் காட்டும் காரணம்.

வள்ளுவர் இவ்விடத்து வியப்பளிக்கிறார். புலால் மறுத்தலையும் கள்ளாமையையும் அறத்துப்பாலில் வைத்தவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் 93ஆம் அதிகாரமாகச் சூதிற்கு முன் வைக்கிறார். குடியைத் தனிமனித மாசாக மட்டுமன்றி, ஒருவரின் மதிப்பையும் உறவையும் சிதைப்பதாகக் கண்டமையே இவ்வைப்புமுறைக்குக் காரணம் எனக் கருதலாம். ஆயினும் அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் பயன்வாதத்தோடு நிற்பதில்லை. குடியாத வேளையில் பிறர் குடித்துக் களித்திருப்பதைக் காண்பவன் தன் சோர்வை எண்ணமாட்டானோ என அது வினவுகிறது. பிறரில் தன்னைக் காணும் இவ்வறிவிற்கு எல்லைக்காவல் வேண்டுவதில்லை.

தடையை 1971இல் தளர்த்திய தமிழக அரசு, 1974இல் அதனை மீட்டது. 1983இல் டாஸ்மாக் நிறுவனத்தைத் தொடங்கி, 2003இல் சில்லறை விற்பனையையும் தானே ஏற்றது. அரசியலமைப்பின் 47ஆம் உறுப்போ, மருத்துவத் தேவை நீங்கலாக, மதுவிலக்கை அரசு முயலவேண்டிய நெறியாக இன்றும் கூறுகிறது. நெறிமுறைக் கோட்பாடு ஆதலின், அதனை நீதிமன்றத்தின்வழி நிறைவேற்றுவிக்க இயலாது.