பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுதல்: எச்.ஐ.வி. நிலையைத் தெரிவிப்பதில் குடும்பமும் தமிழாசிரியரும்

முன்னுரை

பிறப்பிலேயே எச்.ஐ.வி. கிருமியைப் பெற்ற பிள்ளை நாள்தோறும் மருந்து உண்கிறது. அம்மருந்து எதற்கென்று பெரும்பாலும் அதற்குத் தெரிவதில்லை. ‘சத்து மாத்திரை’ என்றோ ‘இளைப்புக்கு மருந்து’ என்றோ வீட்டில் சொல்லி வைத்திருப்பர். உண்மையை யார், எப்பொழுது, எச்சொற்களால் சொல்வது என்பதே இக்கட்டுரை விளக்க முற்படும் பொருளாகும். மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்திலுள்ள சிம்பாங் அம்பாட் போன்ற சிறு நகரங்களையும் தோட்டப்புறங்களையும் மனத்திற்கொண்டு இதனை நோக்குகிறோம்.

மலேசியப் பின்னணி

மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986-இல் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில்தான் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தனர். 1998 முதல் மலேசிய அரசு மருத்துவ நிலையங்களில் கருவுற்ற தாய்மாருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்பட்டு வருகிறது. இதன் பயனாக, தாயிடமிருந்து சேய்க்கு இத்தொற்று பரவுவதை ஒழித்த நாடு என்னும் சான்றினை உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் மலேசியாவுக்கு வழங்கியது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இச்சான்றைப் பெற்ற முதல் நாடு மலேசியாவே.

எனினும், இங்கு ஒழிப்பு என்பது தொற்று வரையறுத்த அளவுக்குக் கீழே குறைந்ததையே குறிக்கும். தொற்று அறவே இல்லை என்பது அதன் பொருளன்று. எண்ணிக்கை குறையக் குறைய, தொற்றுடன் வளரும் பிள்ளையின் தனிமை மிகுகிறது என்பதும் எண்ணத்தக்கது.

தயக்கத்தின் காரணங்கள்

குடும்பத்தார் தயங்குவதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, தாயின் குற்ற உணர்வு. ‘என்னால்தானே உனக்கு வந்தது’ என்று சொல்ல நேருமோ என அவள் அஞ்சுகிறாள். இரண்டாவது, பிள்ளை மனமுடைந்து போகும் என்னும் அச்சம். மூன்றாவது, பிள்ளை வெளியே சொல்லிவிடும் என்பது. ஒருவரையொருவர் அறிந்த சிற்றூரில், ஒரு வீட்டுச் செய்தி மறுநாளே கோயில் வாசலையும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையையும் எட்டிவிடும். ஆகவே மூன்றாம் அச்சத்தை வீண் அச்சமென்று ஒதுக்க இயலாது.

படிப்படியாகத் தெரிவித்தல்

உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டி, பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அவர்தம் நிலையைத் தெரிவித்தல் வேண்டும் என்கிறது. அதற்கும் இளைய பிள்ளைகளுக்கு, அவர்தம் அறிவு வளர்ச்சிக்கேற்பச் சிறிது சிறிதாகச் சொல்லி முழு உண்மைக்கு ஆயத்தப்படுத்த வேண்டும். சொல்வதால் உடல்நலம் பெறும் நன்மைக்குச் சான்று உண்டு என்றும், உளக்கேடு விளையும் என்பதற்குச் சான்று குறைவு என்றும் அது காட்டுகிறது.

ஐந்து வயதுப் பிள்ளையிடம், ‘உன் உடம்பில் ஒரு கிருமி இருக்கிறது, இந்த மருந்து அதைத் தூங்க வைக்கிறது’ என்றால் போதும். ஏழெட்டு வயதில், கிருமிகளோடு போரிடும் வெள்ளையணுக்களைப் படைவீரராக உருவகித்து விளக்கலாம். நமீபியா நாட்டில் இத்தகைய படக்கதை நூலொன்று மருத்துவமனைகளில் பயன்படுத்தப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வயதிற்குள் நோயின் பெயரையும் சொல்லிவிடுதல் நலம். முன்னரே சொன்னவை யாவும் உண்மையாக இருந்தால், பெயர் மட்டுமே புதிதாகச் சேரும். ‘சத்து மாத்திரை’ என்று சொல்லி வந்த வீட்டிலோ, பழைய பொய்யையும் சேர்த்து விளக்க வேண்டியிருக்கும்.

பிள்ளை எழுப்பும் வினாக்களுக்கும் விடை வேண்டும். ‘நான் செத்துப் போவேனா?’ என்றால், நாள் தவறாது மருந்துண்பவர் நெடுங்காலம் வாழ்வர் என்று சொல்லலாம். ‘யாரிடம் சொல்லலாம்?’ என்றால், ‘இது வெட்கப்படும் செய்தியன்று, நம் குடும்பத்துச் செய்தி. பாட்டியிடமும் டாக்டரிடமும் பேசலாம்’ என்று ஆள் சுட்டிச் சொல்வதே தக்கது. யாரிடமும் பேசாதே என்று வாயடைத்தால் பிள்ளை அதை இழிவென்றே கொள்ளும்.

காரணம் அறியாப் பிள்ளை பதின்ம வயதில் மருந்தை நிறுத்திவிடக்கூடும். விட்டு விட்டு உண்டால் கிருமி மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெறும். ஒழுங்காக உண்டு, குருதிப் பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்து நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவின்வழி அது பரவுவதில்லை. மணவாழ்வுக்கு வழியுண்டு என்னும் இவ்வுண்மையை வளர்ந்த பிள்ளை அறிந்திருத்தல் வேண்டும்.

சொல்லும் தமிழாசிரியரும்

தமிழில் எய்ட்ஸைக் குறிக்க ‘உயிர்க்கொல்லி நோய்’, ‘ஆட்கொல்லி நோய்’ என்னும் தொடர்கள் வழங்கிவருகின்றன. மருத்துவம் வளராத காலத்து எச்சரிக்கைச் சொற்கள் இவை. எச்.ஐ.வி. என்பது கிருமி, மருத்துவமின்றி அது முற்றிய நிலையே எய்ட்ஸ். இவ்வேறுபாட்டை மறைத்து, ‘உயிர்க்கொல்லி’ என்று கட்டுரை எழுதப் பயிற்றும் வகுப்பில், மருந்துண்ணும் பிள்ளை ஒன்று அமர்ந்திருக்கக்கூடும். வீட்டார் பல்லாண்டு பொறுமையாகக் கட்டியதை அச்சொல் ஒரு பாடவேளையில் இடித்துவிடும்.

பிள்ளையிடம் தெரிவிக்கும் கடமை ஆசிரியருடையதன்று; அது குடும்பத்தாருக்கும் மருத்துவக் குழுவினருக்கும் உரியது. பெற்றோர் நம்பிச் சொன்னால், அதனைப் பதிவேட்டில் எழுதாமலும் சக ஆசிரியரிடம் பகிராமலும் காத்தலே ஆசிரியர் செய்யத்தக்க உதவி. உடன் உண்பதாலும் விளையாடுவதாலும் கொசுக்கடியாலும் இக்கிருமி பரவாது என்பதை எல்லா மாணவர்க்கும் பொதுவாகக் கற்பிக்கலாம்.

முடிவுரை

பிள்ளைக்கு உண்மையைத் தெரிவித்தல் ஒருநாட் செயலன்று; பல ஆண்டுகள் தொடரும் உரையாடல். அதனைத் தொடங்க மருத்துவர் துணைநிற்பர். அதற்கேற்ற தமிழை வழங்குவது நம் பொறுப்பு. அச்சுறுத்தாமலும் பொய் கலவாமலும் பிள்ளைக்கு விளங்கும் சொற்களை ஆக்கித் தருவதும் தமிழ்க்கல்வியின் பணியே எனலாம்.