பழைய மோட்டார் லாரிக்குப் புதிய எஞ்சின்: செலவிடுமுன் கவனிக்கற்பாலவை

விளைவித்த பொருளை வாடுமுன் சந்தையிற் சேர்ப்பது, அதனை விளைவிப்பதற்கு எவ்வாற்றானும் குறைந்த காரியமன்று. மாங்காடு, குன்றத்தூர், பூவிருந்தவல்லி முதலிய இடங்களிலிருந்து கோயம்பேட்டு அங்காடிக்குக் காய்கறியும் பூவும் அனுப்புவோர் இதனை நன்கறிவர். பாட்டனார் காலத்துப் பெட்ரோல் லாரியொன்று கொட்டகையில் நிற்குமாயின், அதற்கு ஒரு டீசல் எஞ்சினைப் பூட்டி மீண்டும் ஓட்டலாகாதா என்னும் எண்ணம் எழுதல் இயல்பே. அவ்வாறு செய்தல் கூடும். ஆயினும், எஞ்சினை மாத்திரம் மாற்றி ஏனையவற்றை இருந்தபடியே விடுவோர் பணத்தை இழப்பதோடு, உயிருக்கும் அபாயத்தைத் தேடிக்கொள்வர். எஞ்சின், கிளச்சு, கியர் பெட்டி, சுழல் தண்டு, பின் அச்சு, பிரேக் ஆகிய யாவும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னர் நிகழ்ந்த மாற்றங்கள்

இத்தகைய மாற்றம் நம் நாட்டிற்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைத்தல் அரிதாகவே, சென்னை மாகாணத்துப் பஸ்கள் பலவற்றில் கரிவாயு உலைகள் பொருத்தப்பட்டன. எஞ்சின் பழையதே, எரிபொருள் மட்டும் மாறிற்று. கரிவாயுவில் எஞ்சினின் வலிமை குறைந்தமையால் மேடேறுதல் கடினமாயிற்று.

போருக்குப் பின்னர் டீசல் எஞ்சின் பெருவழக்காயிற்று. இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரில் 1932-இல் தொடங்கிய பெர்கின்ஸ் கம்பெனியார், 1937-இல் 'பி-6' என்னும் எஞ்சினை வெளியிட்டனர். அதற்கு 6 சிலிண்டர்கள். சிலிண்டரின் குறுக்களவு 3½ அங்குலம், பிஸ்டனின் வீச்சு 5 அங்குலம். கொள்ளளவு ஏறக்குறைய 4.73 லிட்டர். பெட்ரோல் லாரிகளின் எஞ்சினைக் கழற்றிவிட்டு இதனைப் பூட்டும் வழக்கம் பல நாடுகளிற் பரவிற்று. 1950-களில் சென்னைச் சிம்ப்சன் கம்பெனியார் பெர்கின்ஸ் உரிமத்தின் பேரில் டீசல் எஞ்சின்கள் செய்யத் தொடங்கினர். 1960-இல் தோன்றிய டாஃபே கம்பெனியின் டிராக்டர்களிலும் சிம்ப்சன் எஞ்சின்கள் இடம்பெற்றன.

விவசாயிகட்கு இதனால் விளையும் அநுகூலம் யாதெனில், டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறைகள் அறிந்த எஞ்சினைத் தேர்ந்துகொண்டால் வளையங்களும் வடிகட்டிகளும் அருகிலேயே அகப்படும் என்பதாம். அரிய வெளிநாட்டு எஞ்சின் அழகாயிருக்கலாம். அறுவடை நாளில் அது நின்றுவிட்டால் அழகினாற் பயனில்லை.

வேகக் கணக்கு

பெட்ரோல் எஞ்சின் வேகமாகச் சுழல்வது. அக்காலத்து லாரி டீசல் எஞ்சின் நிதானமாகச் சுழன்று மிகுந்த முறுக்கு வலிமை தருவது. இவ்வேற்றுமையைப் பின் அச்சு அறியாது. உதாரணமாக, ஒரு பெட்ரோல் எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றும், பின் அச்சின் விகிதம் ஒன்றுக்கு 6-ம், சக்கரத்தின் சுற்றளவு 2.5 மீட்டரும் எனக் கொள்வோம். மேற் கியரில் சக்கரம் 500 முறை சுழலும். லாரி மணிக்கு 75 கிலோமீட்டர் செல்லும். அதே வண்டியில் 2,000 சுற்றுக்கு மேற்படாத டீசல் எஞ்சினைப் பூட்டினால் வேகம் 50 கிலோமீட்டராகக் குறையும். ஓட்டுபவர் எஞ்சினை ஓயாது அதன் எல்லையில் வைத்து விரட்டுவார். எரிபொருட் செலவு ஏறும், எஞ்சினின் ஆயுளோ குறையும்.

பின் அச்சின் விகிதத்தை ஒன்றுக்கு 4 ஆக்கினால் பழைய வேகம் திரும்பும். ஆனால் சக்கரத்திற் கிடைக்கும் இழுவையும் அதே அளவிற் குறையுமாதலால், பாரத்துடன் மேடேறப் புதிய எஞ்சினின் முறுக்கு வலிமை போதுமா என்று முன்னரே கணக்கிடல் வேண்டும். பின் அச்சின் பெரிய பற்சக்கரத்தையும் சிறிய பற்சக்கரத்தையும் இணையாகவே வாங்குக. ஒன்றைப் பழையதாகவும் மற்றொன்றைப் புதியதாகவும் கூட்டினால் இரைச்சலும் விரைவில் தேய்மானமும் உண்டாகும்.

எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையே வைக்கும் இணைப்புத் தகட்டைக் கடைசற் பட்டறையில் செய்விக்கலாம். ஆயின் இரண்டின் மையமும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்பதை அளவு கருவியால் சோதித்த பின்னரே திருகாணிகளை இறுக்குக. மையம் சிறிது பிசகினும் கிளச்சும் பேரிங்கும் நெடுநாள் தாங்கா. டீசல் எஞ்சின் கனமானதாகலின் முன் வில்தகடுகளையும், அதனைக் கிளப்ப மிகுந்த மின்சாரம் வேண்டுமாகலின் பாட்டரியையும் மாற்ற நேரிடும்.

பிரேக்கில் அலட்சியம் கூடாது

பலரும் மறந்துவிடுவது இதுவே. பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில் வெற்றிடம் உண்டாகிறது. பழைய லாரிகள் பலவற்றில் பிரேக்கை மிதிப்போருக்குத் துணைசெய்வது அவ்வெற்றிடமே. டீசல் எஞ்சினிற் காற்றைத் தடுக்கும் அடைப்பிதழ் பொதுவாக இல்லாமையால் அவ்வெற்றிடம் கிடைப்பதில்லை. இதற்கெனத் தனி வெற்றிடப் பம்பு பூட்டாது பாரமேற்றிச் செல்வோர், எவ்வளவு மிதித்தும் வண்டி நில்லாமையைச் சாலையிலேயே கண்டறிவர். ஆதலின் முதலிற் பிரேக்கைச் சீர்செய்க. எஞ்சினை அதன் பின்னரே பூட்டுக.

கடல் கடந்து வரும் சாமான்கள்

வெளிநாட்டுக்கு எழுதுமுன் உள்ளூரில் தேடுதல் நன்று. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளும், அம்பத்தூர், பாடி வட்டாரங்களின் பட்டறைகளும் பற்சக்கரம் வெட்டுதல், தண்டு கடைதல் முதலிய பல தேவைகளை நிறைவேற்றும். இங்குச் செய்ய இயலாதவற்றை மட்டும் வெளியிலிருந்து தருவித்தல் சிக்கனம். ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கிக்கே 1,400 குதிரைத்திறன் எஞ்சினும் அதன் கியர் அமைப்பும் ஜெர்மனியிலிருந்து வந்தவை. பெரிய அரசு நிறுவனமே அயல்நாட்டை எதிர்பார்க்க நேர்ந்ததெனில், தனி விவசாயி எத்துணை முன்யோசனையுடன் இருத்தல் வேண்டும்!

ஆர்டர் அனுப்புமுன் பாகத்தின் மீதுள்ள வார்ப்பு எண், பற்களின் தொகை, தண்டின் குறுக்களவு, கிளச்சுத் தட்டின் நடுவிலுள்ள வரிப்பற்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து, படமும் எடுத்து அனுப்புக. மரைகளிலும் கவனம் வேண்டும். அரை அங்குலத் திருகாணியில் ஆங்கிலேய விட்வொர்த் மரைக்கு அங்குலத்திற்கு 12 புரிகள்; அமெரிக்கப் பருமரைக்கு 13 புரிகள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே போலத் தோன்றும்; வலிந்து முறுக்கினால் இரண்டும் கெடும்.

சுங்கவரி, பொருளின் விலையோடு கப்பற் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்த தொகையின் மேல் கணக்கிடப்படுவது. பயன்படுத்திய பழைய உதிரிச் சாமான்களைத் தருவிக்க அயல்நாட்டு வாணிகத் தலைமை இயக்ககத்தின் அனுமதி வேண்டும். சொந்த உபயோகத்துக்குத் தருவிப்போருக்கு இறக்குமதிக் குறியீட்டு எண்ணிலிருந்து விலக்கு உண்டெனினும், வாணிகம், உற்பத்தி, விவசாயம் ஆகியவற்றைச் சார்ந்த உபயோகத்துக்கு அவ்விலக்கு இல்லை. பண்ணை லாரிக்குச் சாமான் தருவிப்போர் இதனை மறவாதிருப்பாராக.

சட்டம் கூறுவது

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியை மனம்போல் மாற்றுதலைத் தடுக்கிறது. எஞ்சினை மாற்ற எண்ணுவோர் பதிவு அதிகாரியைக் கண்டு, விதிகள் இடந்தருகின்றனவா என்று கேட்டு, ஒப்புதல் பெற்ற பின்னரே பணம் செலவிடுக. சான்றில் ஓர் எண்ணும் எஞ்சினில் வேறோர் எண்ணும் இருக்குமாயின், விபத்து நேர்ந்த காலத்தில் நஷ்டஈடு பெறுவதும் சங்கடமாகும்.

50 வருஷத்துக்கு மேற்பட்ட சொந்த உபயோக வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது. அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றிற் பெருமாற்றம் செய்த வண்டிக்கு அப்பதிவு கிட்டாது. பதிவு பெற்ற வண்டியையோ நாள்தோறும் ஓட்டலாகாது, வாணிகத்துக்கும் பயன்படுத்தலாகாது. எனவே, வண்டியைப் பழம்பொருளாகக் காப்பதா, பாரம் சுமக்க விடுவதா என்பதை முதலிலேயே தீர்மானித்தல் வேண்டும். இரண்டும் ஒருங்கே கைகூடா.

செய்யவேண்டிய வரிசை

1. வண்டியின் உபயோகத்தைத் தீர்மானித்துப் பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பெறுக.
2. அடிச்சட்டத்தின் துருவையும் விரிசலையும் ஆராய்க. அது கெட்டிருப்பின் முயற்சியைக் கைவிடுக.
3. அருகிற் சாமான் கிடைக்கும் எஞ்சினைத் தேர்ந்து, கியர், பின் அச்சு விகிதங்களைக் கணக்கிடுக.
4. பிரேக்கையும் வெற்றிடப் பம்பையும் அமைக்க ஏற்பாடு செய்க.
5. உள்ளூரிற் கிடையாதவற்றை மட்டும் அளவு குறித்து வெளிநாட்டிலிருந்து தருவிக்க.
6. வேலை முடிந்ததும் வெறும் வண்டியையும், பின் அரைப் பாரத்தையும், இறுதியில் முழுப் பாரத்தையும் ஓட்டிச் சோதிக்க.

இவற்றிற்கு ஆகும் மொத்தச் செலவை, பிற்காலத்து லாரியொன்றின் விலையோடும் வாடகை வண்டிக் கூலியோடும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முதல் திருகாணியைக் கழற்றுவது விவேகமாகும்.