தோலை உரிக்குமுன்

எல்லவிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் ஏ23 வீதியில், ராவணா எல்ல நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிள்களைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். வாங்கும்போது நல்ல சிவப்பாக இருந்த பிரேக் லீவர் வெளிறிப் போயிருக்கும். நீல நிற ஹேண்டில்பார் சாம்பல் பூத்திருக்கும். கருப்புப் பாகங்களில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கையிலிருந்த வண்டியையே பழுதுபார்த்து, மினுக்கி, ஓட்டவேண்டியிருந்தது. நிறம் போன அலுமினியப் பாகத்தைக் காஸ்டிக் சோடாவில் போட்டு உரித்து, வெள்ளிபோலப் பளபளக்க வைக்கலாம் என்ற யோசனை அப்படித்தான் பல வீட்டு முற்றங்களுக்கு வந்து சேர்கிறது.

செய்யலாம். ஆனால் எதை உரிக்கிறோம் என்று தெரிந்துகொண்டு செய்யவேண்டும்.

அந்த நிறம் பெரும்பாலும் மேலே பூசப்பட்டதல்ல. அலுமினியத்தின் சொந்தத் தோலுக்குள் ஊறியது. அலுமினியத்தை எங்கே கீறினாலும், காற்றுப் பட்ட கணத்திலேயே ஒட்சிசனோடு சேர்ந்து மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். அதன் தடிப்பு சில நனோமீற்றர்தான். அவ்வளவு வேகமாகத் தாக்கத்தில் ஈடுபடும் உலோகம் நம் சமையலறையில் பாத்திரமாக நிலைத்திருப்பது இந்தப் படலத்தின் தயவால். அனோடைசிங் என்பது அதே தோலை மின்சாரத்தால் தடிக்க வைக்கும் வேலை. கந்தக அமிலக் கரைசலில் பாகத்தை நேர்முனையாகத் தொங்கவிட்டு மின்னோட்டம் செலுத்தினால், படலம் 5 முதல் 25 மைக்ரோன் வரை வளரும். இயற்கைப் படலத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். வளரும்போது அதில் நுண்துளைகள் உண்டாகும். ஒரு சதுர சென்ரிமீற்றரில் ஆயிரம் கோடிக்கு மேல். சாயம் அந்தத் துளைகளுக்குள் இறங்கும். பிறகு கொதிநீரில் வைத்தால் ஒட்சைட்டு நீரை ஏற்று வீங்கி, துளைகளின் வாயை அடைத்துவிடும். 1923இல் பிரித்தானியாவில் பெங்கோ, ஸ்டுவர்ட் ஆகிய இருவர் குரோமிக் அமிலத்தைக் கொண்டு இந்த முறையின் முதல் வடிவத்தை உருவாக்கினார்கள். கடல்நீரில் இறங்கும் விமானங்களின் அலுமினியக் கலப்புலோகத்தை உப்பு அரிப்பதைத் தடுப்பதே நோக்கம். நிறமேற்றும் அழகு பின்னால் வந்தது.

ஊவாவில் இருப்பவர்களுக்கு இந்த ஒட்சைட்டு அந்நியமானதல்ல. மொனராகலை மாவட்டத்து ஒக்கம்பிட்டியவில் குழி தோண்டி எடுக்கும் நீலக்கல்லும் அலுமினியம் ஒட்சைட்டுத்தான். கல்லில் அது ஒழுங்கான பளிங்காக இறுகியிருக்கிறது; பைக் பாகத்தில் ஒழுங்கற்ற, நீர் கலந்த படலமாக இருக்கிறது. நிறம் வரும் வழியில்தான் பெரிய வேறுபாடு. நீலக்கல்லின் நீலம் பளிங்குக்குள்ளேயே அமர்ந்த இரும்பு, டைட்டேனியம் அணுக்களால் வருவது. வெயில் அதை ஒன்றும் செய்யாது. பைக் பாகங்களில் இருப்பது பெரும்பாலும் சேதனச் சாயம். புற ஊதாக் கதிர் அதன் மூலக்கூறுகளை உடைத்துவிடும். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். எல்ல அந்த உயரத்தில்தான் இருக்கிறது. இரும்பு உப்பால் ஏற்றிய தங்க நிறம் மட்டும் வெயிலுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும்.

வெயிலைவிட வேகமாகக் கெடுப்பது கழுவும் முறை. எண்ணெய்ப் பிசுக்கை நொடியில் கரைக்கும் கடும் காரக் கழுவு திரவங்கள் இந்தப் படலத்தையும் சேர்த்தே கரைக்கும். வெள்ளைத் திட்டுகளில் பல அப்படி வந்தவைதான். அலுமினியம் ஒட்சைட்டு பி.எச். ஏறக்குறைய 4க்கும் 9க்கும் இடையே மட்டுமே நிலையானது. அதற்குக் கீழே அமிலத்தில் கரையும், மேலே காரத்தில் கரையும்.

அமிலப் பக்கத்து வேதியியலைக் காண எங்கும் போகவேண்டியதில்லை. தேயிலை மலையே சான்று. பசறையில் ஊவா நிலையத்தைக் கொண்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தேயிலைக்குச் சிபாரிசு செய்வது பி.எச். 4.5 முதல் 5.5 வரையான மண்ணை. அவ்வளவு புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேரை எட்டும். பெரும்பாலான பயிர்களின் வேர் அதில் கருகும். தேயிலையோ அதை உறிஞ்சி முற்றிய இலைகளில் சேமித்துக்கொண்டு செழிக்கிறது. உலர்ந்த முதிர்ந்த இலையில் கிலோவுக்கு 30,000 மில்லிகிராம் வரை அலுமினியம் பதிவாகியிருக்கிறது; நாம் கிள்ளும் கொழுந்தில் மிகக் குறைவு. கொழுந்துக் கூடையோடு நாள்தோறும் மலையேறும் பெண்களின் காலடியில் நடக்கும் இந்த வேதியியலை நம் பள்ளிப் பாடங்கள் இன்னும் விரிவாகச் சொல்லவேண்டும் என்பது என் ஆசை.

காஸ்டிக் சோடா வேலை செய்வது எதிர்ப் பக்கத்தில். அதன் கரைசலில் பாகத்தை இட்டால் முதலில் ஒட்சைட்டு கரையும். அப்போது வாயு வராது. படலம் தீர்ந்து உலோகம் வெளிப்பட்டதும் குமிழ்கள் பொங்கும். அது ஐதரசன். ஒரு கிராம் அலுமினியம் கரைந்தால் சுமார் 1.3 லீற்றர் ஐதரசன் வெளிவரும். சிறு தீப்பொறி பட்டாலும் வெடிக்கக்கூடியது. கூடவே சூடு ஏறும், சூடு ஏற ஏறத் தாக்கம் முடுகும், காரத் துளிகள் புகைபோல எழுந்து கண்ணையும் மூச்சையும் தாக்கும். ஆகவே குமிழ் பொங்கத் தொடங்கினால் பாகத்தை உடனே வெளியே எடுங்கள். அதற்குப் பிறகு உரிவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உலோகம். புரிகள் தளரும், பெயரிங் அமரும் துளை பெரிதாகும். வெளியே எடுத்த பாகம் கறுப்பாக இருந்தால் பயம் வேண்டாம். கலப்புலோகத்திலுள்ள செம்பும் சிலிக்கனும் கரையாமல் மேலே தங்கிய படிவு அது. தொழிற்சாலைகளில் நைத்திரிக் அமிலத்தால் அகற்றுவார்கள். வீட்டில் தேய்த்தெடுப்பதே நல்லது. உலோகத்தைத் தொடாமல் ஒட்சைட்டை மட்டும் கரைக்கும் பொசுபோரிக்–குரோமிக் அமிலக் கலவை ஆய்வுகூடங்களில் உண்டு. அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. வீட்டுப் பக்கமே வரக்கூடாது.

லயத்து வாசலில், பிள்ளைகள் ஓடும் இடத்தில், காஸ்டிக் வாளி வைப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன். லயங்களில் ஒரு வீட்டு வாசல் பத்து வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு முற்றம். ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வை போகலாம். மிஞ்சிய கரைசலைக் கானில் ஊற்றினால் அது ஓடையில் சேரும். ராவணா எல்ல வழியாகப் போகும் நீர் கிரிந்தி ஓயாவைத் தேடிப் போவது. காரமும் கரைந்த அலுமினியமும் மீன்களின் செவுள்களைத் தாக்குபவை.

கையால் தேய்ப்பது மெதுவான வழி. ஆனால் எங்கே நிற்கிறோம் என்று கண்ணுக்குத் தெரியும். முதலில் மல்டிமீற்றரின் இரு முனைகளையும் பாகத்தில் வைத்துப் பாருங்கள். மின் ஓடினால் வெற்று உலோகம். ஓடாவிட்டால் ஒட்சைட்டு அல்லது பெயிண்ட்; பெயிண்ட் என்றால் பெயிண்ட் அகற்றும் திரவத்தில் கழன்றுவிடும், ஒட்சைட்டு அசையாது. பிறகு நீர் நனைத்த மணல் தாளில் 400ஆம் எண்ணில் தொடங்கி 600, 800, 1200, 2000 என்று ஏறவேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றினால், முந்தைய கீறல் மறைந்ததா என்று தெளிவாகத் தெரியும். ஆரம்பத்தில் தாள் வழுக்கும், சலிப்புத் தட்டும். தாளிலுள்ள மணியும் பல நேரம் அலுமினியம் ஒட்சைட்டாகவே இருப்பதால் ஒட்சைட்டை ஒட்சைட்டே தேய்த்துக்கொண்டிருக்கும். சிலிக்கன் காபைட்டு மணி கொண்ட கறுப்புத் தாள் அதைவிடக் கடினமானது, சீக்கிரம் வெட்டும். கடைசியில் உலோக பொலிஷும் பருத்தித் துணியும்.

ஹேண்டில்பார், பிரேக் லீவர், கிளிப்-ஓன் போன்ற பளு தாங்கும் பாகங்களைக் காரத்தில் இடவே வேண்டாம். காரம் தோண்டும் நுண்குழிகளிலிருந்துதான் உலோகக் களைப்பின் வெடிப்பு தொடங்கும், அது உடைவது வெல்லவாய இறக்கத்தின் வளைவு ஒன்றிலாக இருக்கலாம். நிறம் மங்கியதால் அவற்றின் வலிமை குறைவதில்லை.

மினுக்கிய பாகத்துக்கு இனி நனோமீற்றர் தோல் மட்டுமே காவல். எல்லவின் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் பனிமூட்டத்திலும் அது சில வாரங்களில் மங்கத் தொடங்கும். மெழுகு பூசினால் தள்ளிப்போகும். அறுகம்பே வரை ஓட்டிப்போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். உப்பிலுள்ள குளோரைட்டு அந்த மெல்லிய தோலைத் துளைத்து உள்ளே இறங்க அதிக நாள் எடுப்பதில்லை.