பெட்டி வந்த காலம், சாவி வந்த காலம்: சின்ன ஊர் தியேட்டர் ஒன்று எப்படி ஓடியது

தியேட்டர் நினைவுகள் என்று தேடினால் தரை டிக்கெட், மணல் மேடு, கை முறுக்கு, விசில் எல்லாம் வரிசையாக வந்துவிடும். அவை படம் பார்த்தவர்களின் நினைவுகள். படத்தை ஓட்டியவன் பக்கத்துக் கதை வேறு. எண்பதுகளின் கடைசியில் தென் மாவட்டத்துச் சின்ன ஊர் ஒன்றில் உதவி ஆபரேட்டராகச் சேர்ந்து, பிறகு அதே தியேட்டரில் மேனேஜராகவும் இருந்தவன் நான். ஒரு காட்சி எப்படி நடந்தது என்பதை அந்தப் பக்கத்திலிருந்து எழுதி வைக்கலாம் என்று இந்தக் குறிப்பு.

சொல்ல வருவது ஒன்றுதான். ஃபிலிம் இருந்தவரை ஒவ்வொரு காட்சியும் அந்தந்த ஊரில் கையால் செய்யப்பட்டது. எப்போது தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எதை வெட்டுவது என்று முடிவு செய்தது ஊர்க்காரர்கள். டிஜிட்டல் வந்தபோது அந்த வேலை போனது. வேலையோடு அந்த முடிவெடுக்கும் உரிமையும் போனது.

பெட்டி

"பொட்டி வந்துடுச்சா?" என்பதுதான் படம் மாறும் நாளில் ஊரே கேட்கும் கேள்வி. பெட்டி என்றால் படச்சுருள் வைத்த தகரப் பெட்டி. பஸ்ஸிலோ ரயில் பார்சலிலோ வரும்.

கொஞ்சம் கணக்குப் பார்த்தால் அதன் கனம் புரியும். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். அப்படியானால் நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினொரு நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி, ஏறக்குறைய 14 ரீல். நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள நாடா அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

ஒரு பிரிண்ட் போடப் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும் என்பதால் விநியோகஸ்தர் எண்ணித்தான் பிரிண்ட் போடுவார். அவை முதலில் மதுரை, கோவை மாதிரி 'ஏ' சென்டருக்குப் போகும். அங்கே ஓடி முடித்து 'பி' சென்டர், அதற்கும் பிறகு எங்களை மாதிரி 'சி' சென்டர். படம் எங்களுக்கு வரும்போது மாதக்கணக்கில் பழையதாகியிருக்கும். உடம்பெல்லாம் கீறல். திரையில் அது நீள நீளக் கோடாக விழும். "படத்துல மழை பெய்யுது" என்று ஜனங்கள் சொன்னது இதைத்தான்.

அதனால் பெட்டி வந்ததும் முதல் வேலை படத்தைப் பார்ப்பதல்ல, தடவுவது. ரீவைண்டரில் சுற்றிக்கொண்டே ஃபிலிமின் இரண்டு ஓரத்தையும் விரல்களுக்கு நடுவில் விட வேண்டும். ஒரு ஃபிரேமுக்கு ஒரு பக்கம் நாலு துளை. எங்கே துளை கிழிந்திருக்கிறதோ, எங்கே பழைய ஒட்டு தூக்கி நிற்கிறதோ, விரலுக்குத் தெரிந்துவிடும். அங்கே நிறுத்தி, கெட்ட ஃபிரேமை வெட்டி, எமல்ஷனைச் சுரண்டி, ஃபிலிம் சிமெண்ட் தடவி ஒட்டுவோம். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒன்றிரண்டு ஃபிரேம் போகும். பல ஊர் தாண்டி வந்த பிரிண்ட் இப்படிச் சுருங்கிக்கொண்டே வரும். அடி அதிகம் படுவது ரீலின் தொடக்கத்திலும் முடிவிலும்தான். பழைய படங்களில் ஹீரோ ஒரு வசனத்தைத் தொடங்கிப் பாதியில் வேறிடத்துக்குத் தாவியிருந்தால், பெரும்பாலும் அது ரீல் மாறும் இடம்.

கேபின்

கேபினில் இரண்டு புரொஜக்டர். இரண்டு ரீலை ஒட்டி இரண்டாயிரம் அடி ஸ்பூலாக்கி ஏற்றுவோம். ஆக, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டும். ஸ்பூல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு வட்டப் புள்ளி சட்டென்று தோன்றி மறையும். அப்போது இரண்டாவது மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு நொடி கழித்து இன்னொரு புள்ளி. அந்த இடத்தில் இந்த மெஷினின் ஒளியை மூடி, அதன் ஒளியைத் திறக்க வேண்டும். சரியாகச் செய்தால் ஹாலில் ஒருவருக்கும் தெரியாது. ஆபரேட்டர் நன்றாக வேலை செய்தார் என்பதற்கு அடையாளமே அவர் இருப்பது யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான்.

வெளிச்சம் கார்பன் ஆர்க். இரண்டு கார்பன் குச்சிகளை நேருக்கு நேர் வைத்து டி.சி. கரண்ட் கொடுத்தால் நடுவில் வெல்டிங் மாதிரி ஒளி பிறக்கும். பின்னால் குழிக்கண்ணாடி அதைக் குவித்து ஃபிலிம் மேல் அனுப்பும். குச்சிகள் எரிந்து குறையக் குறைய இடைவெளி கூடும், திரை மங்கும், நிறம் மாறும். அதைத் திருகித் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் அசந்தால் கீழேயிருந்து "ஏய் ஆபரேட்டர், லைட்டு!" என்று குரல் வரும். அதுவரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள்கூட அந்த நேரத்தில் பதவியைச் சொல்லித்தான் கத்துவார்கள்.

ஒலி இன்னொரு நுட்பம். ஃபிலிமில் ஒரு ஃபிரேமுக்குரிய சத்தம் அந்த ஃபிரேமுக்குப் பக்கத்திலேயே இருக்காது. இருபது ஃபிரேம் சொச்சம் முன்னால் இருக்கும். காரணம், படம் தெரியும் கேட்டில் ஃபிலிம் நின்று நின்று போகிறது. சத்தம் படிக்கும் இடத்தில் ஒரே சீராக ஓட வேண்டும். அதனால் இரண்டுக்கும் நடுவில் ஃபிலிமைத் தளர்வாக ஒரு வளையம் விட்டு மாட்டுவோம். அந்த வளையம் பெரிதானாலும் சிறிதானாலும் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். புதிதாக வருபவருக்கு மூத்த ஆபரேட்டர் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த லூப்தான்.

ஃபிலிம் கேட்டில் சிக்கி நின்றால் ஆர்க்கின் சூட்டில் அந்த ஒரு ஃபிரேம் பழுப்பாகி, கொப்பளித்து, ஓட்டை விழுவதைத் திரையிலேயே பெரிதாகப் பார்க்கலாம். எங்கள் காலத்து ஃபிலிம் உருகும், அவ்வளவுதான். 1950களின் தொடக்கம் வரை புழக்கத்தில் இருந்த நைட்ரேட் ஃபிலிம் தீப்பற்றினால் அணைப்பதே கஷ்டம். கேபின் சுவர் தனியாக இருப்பதும், புரொஜக்டர் துவாரத்துக்கு இரும்பு மூடி இருப்பதும், வாசலில் சிவப்பு மணல் வாளி தொங்குவதும் அந்தப் பயத்தில் வந்த ஏற்பாடுகள்.

டி.சி.ஆர்.

மேனேஜர் ஆன பிறகு படமே பார்க்கக் கிடைக்காது. பார்ப்பதெல்லாம் எண்கள்.

டி.சி.ஆர். என்பது தினசரி வசூல் அறிக்கை. ஒவ்வொரு காட்சிக்கும் வகுப்பு வாரியாக டிக்கெட்டின் ஆரம்ப எண்ணும் முடிவு எண்ணும் எழுத வேண்டும். தரை டிக்கெட் 4101இல் தொடங்கி, காட்சி முடிவில் அடுத்துக் கிழிக்க வேண்டிய எண் 4286 என்றால், விற்றது 185. இப்படி பெஞ்ச், சேர் என்று கூட்டி, மொத்த வசூல் போட்டு, அதில் கேளிக்கை வரியைக் கழித்தால் நிகர வசூல். அதற்கப்புறம்தான் விநியோகஸ்தர் பங்கு, தியேட்டர் பங்கு.

பங்கு பிரிப்பதில் பல முறை. பழைய படம் என்றால் ஹையர், அதாவது இத்தனை நாளைக்கு இத்தனை ரூபாய் வாடகை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் நம் பாடு. கொஞ்சம் புதிய படம் என்றால் பெர்சன்டேஜ். பெரிய நடிகர் படம் என்றால் எம்.ஜி., ஒரு தொகைக்கு முன்கூட்டியே உத்தரவாதம் கொடுத்து எடுப்பது. எம்.ஜி. கொடுத்த படம் படுத்தால் கேன்டீன்காரரிடமும் சைக்கிள் ஸ்டாண்ட் குத்தகைக்காரரிடமும் வாங்கிய அட்வான்ஸைத் தொட வேண்டிவரும். பல தியேட்டர்களை நின்றுபோகாமல் காப்பாற்றியது சைக்கிள் ஸ்டாண்ட்தான் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் உண்மை.

விநியோகஸ்தருக்கு நம் மேல் நம்பிக்கை கிடையாது. அதற்குக் காரணமும் உண்டு. வாசலில் டிக்கெட்டைக் கிழிக்காமல் வாங்கி, மறுபடி கவுண்டருக்கு அனுப்பினால் அந்தத் தலை கணக்கில் வராது. வரியும் இல்லை, பங்கும் இல்லை. இதைத் தடுக்கத்தான் பெட்டியோடு 'ரெப்' என்று ஒரு பிரதிநிதி வருவார். இடைவேளைக்கு முன் இருட்டில் டார்ச் அடித்துத் தலை எண்ணுவார். நான் எழுதிய எண்ணும் அவர் எண்ணிய எண்ணும் ஒத்துப்போக வேண்டும். வரி அதிகாரிகளும் சொல்லாமல் வந்து நிற்பார்கள். மூன்று பேரும் ஒருவரையொருவர் நம்பாததால்தான் அந்த நோட்டு அத்தனை சுத்தமாக எழுதப்பட்டது.

இதற்கு மேல் லைசென்ஸ். 1955ஆம் வருட சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி 'சி ஃபார்ம்' உரிமம் கலெக்டரிடம் வாங்க வேண்டும். கட்டிட உறுதி, மின்சாரம், தீயணைப்பு என்று தனித்தனிச் சான்றிதழ். வருமானம் குறைந்த தியேட்டர்கள் ஆள் வராததால் மட்டும் மூடவில்லை. புதுப்பிக்கும் சமயத்தில் கட்டிடத்தைச் சரிசெய்யப் பணமில்லாமல் மூடியவையும் உண்டு.

ஊரின் கடிகாரம்

காட்சி நேரம் போர்டில் எழுதியிருக்கும். உண்மையில் அதை முடிவு செய்தது பஸ். "கீழூர் பஸ் வந்துடுச்சா?" என்று வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் மெயின் படத்தைப் போடச் சொல்வேன். அதுவரை சமாளிக்க விளம்பர ஸ்லைடு இருக்கும், ஃபிலிம்ஸ் டிவிஷன் நியூஸ் ரீல் இருக்கும். அரசாங்கம் அதைக் கட்டாயமாக்கியது செய்தி பரப்ப. எங்களுக்கு அது தாமதமாக வருகிறவர்களுக்கான தலையணை.

அதே மாதிரி, இரண்டாவது ஆட்டம் நீளமாகப் போனால் ஜனங்கள் எரிச்சலுடன் எழுந்து போவார்கள். அப்போது மேனேஜர் கேபினுக்குச் சொல்லி அனுப்புவார், ஒரு பாட்டை எடுத்துவிடச் சொல்லி. எதிர்ப்பக்கமும் நடந்தது. "ஒன்ஸ்மோர்" சத்தம் அடங்காமல் போனால் ஸ்பூலைப் பின்னால் சுற்றி அதே பாட்டை மறுபடி போட்டதும் உண்டு. இயக்குநர் முடித்துக் கொடுத்த படத்துக்கு மேல் ஒவ்வொரு ஊரும் தன் கையால் ஒரு கடைசித் திருத்தம் செய்துகொண்டிருந்தது. நல்லதோ கெட்டதோ, அந்த வசதி பெட்டி நம் கையில் இருந்ததால் வந்தது.

ஒரே பிரிண்ட்டைப் பக்கத்து ஊரோடு பங்கு போட்ட நாட்களில் இது இன்னும் கூத்து. இரண்டு ஊரிலும் ஒரு மணி நேர இடைவெளியில் காட்சி தொடங்கும். இங்கே ஓடி முடித்த ஸ்பூல் டி.வி.எஸ். 50இல் அங்கே போகும். வழியில் டயர் பஞ்சர் ஆனால் அங்கே திடீரென்று இன்னொரு இடைவேளை.

இந்த வழக்கம் தமிழ்நாட்டில் சினிமாவின் தொடக்கத்திலிருந்தே இருப்பது. திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரும் படங்களும் வாங்கி ஊர் ஊராகப் போய்க் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். கருவியும் சுருளும் யாரிடம் இருந்தனவோ அவருக்கே காட்சி சொந்தம் என்ற அந்த முறை நூறு வருடம் நீடித்தது.

சாவி

2000களின் நடுவில் சென்னையின் க்யூப் போன்ற டிஜிட்டல் முறைகள் வரத் தொடங்கின. பிரிண்ட் செலவு இல்லை. படம் ஒரு ஃபைலாக, பூட்டி வரும். அதைத் திறக்க ஒரு டிஜிட்டல் சாவி வரும். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, இந்தத் திரையில் மட்டும் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். எத்தனை காட்சி ஓடியது என்பதும் சர்வரில் பதிவாகிவிடும்.

நன்மையை மறைக்கக் கூடாது. மழை நின்றது. ரெப் டார்ச் அடிப்பது குறைந்தது. எல்லாவற்றுக்கும் மேல், 'சி' சென்டர் ஆட்கள் மாதக்கணக்கில் காத்திருந்த அவமானம் போனது. சென்னையில் வருகிற அன்றே எங்கள் ஊரிலும் படம்.

ஆனால் சின்ன தியேட்டரின் பிழைப்பு அந்தக் காத்திருப்பில்தான் இருந்தது. ஏ, பி, சி என்று படிப்படியாக இறங்கியதால் ஒரு படத்துக்கு நீண்ட ஆயுள் இருந்தது. எங்களுக்கு வரும்போது விலை இறங்கியிருக்கும். எம்.ஜி.ஆர். படம் ஒன்றைக் குறைந்த ஹையருக்கு எடுத்து, மூன்று நாள் ஓட்டி, அடுத்த படத்துக்கு அட்வான்ஸ் தேற்றிவிடலாம். எல்லா ஊரிலும் ஒரே நாளில் வந்தால் வசூலும் முதல் வாரத்தோடு முடிகிறது. வண்டி வைத்திருப்பவர் டவுனில் ஏ.சி. தியேட்டருக்குப் போய்விடுகிறார். புது மெஷினுக்குப் பணமில்லாத தியேட்டருக்குப் பெட்டியும் வருவதில்லை, சாவியும் வருவதில்லை.

சாவி யாருடையது என்ற கேள்வி பெரிய இடத்திலும் வெடித்தது. டிஜிட்டல் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் 2018 மார்ச் முதல் புதுப் படங்களை நிறுத்தினார்கள். ஒன்றரை மாதத்துக்கு மேல் புதுத் தமிழ்ப் படம் வெளிவரவில்லை. தயாரிப்பாளர், டிஜிட்டல் நிறுவனம், தியேட்டர் சங்கம் என்று பேசினார்கள். கேபினில் நின்றவர்களைப் பற்றிப் பேச அங்கே எதுவும் மிச்சமில்லை. விரலால் ஓரம் தடவத் தெரிந்தவருக்கு மவுஸ் கிளிக் செய்யும் இடத்தில் என்ன வேலை? எனக்குத் தெரிந்த ஆபரேட்டர்களில் சிலர் எலக்ட்ரீஷியன் ஆனார்கள். ஒருவர் மைக் செட் வைத்தார்.

மிச்சம் இருப்பது

மூடிய தியேட்டர்கள் கல்யாண மண்டபமாகவோ குடோனாகவோ மாறிவிட்டன. புரொஜக்டர்கள் இரும்பு விலைக்குப் போயின. ஒன்று மட்டும் இன்னும் சில வீட்டுப் பரண்களில் கிடக்கிறது: டி.சி.ஆர். நோட்டுகள்.

ஒரு ஊர் எந்தப் படத்தை எத்தனை நாள் பார்த்தது, அறுவடைக்குப் பிறகு தரை டிக்கெட் எவ்வளவு கூடியது, பரீட்சை மாதத்தில் எவ்வளவு குறைந்தது, ஐப்பசி மழையில் எத்தனை காட்சி ரத்தானது, எல்லாம் காட்சி காட்சியாக அதில் இருக்கிறது. சென்னையில் எழுதப்படும் சினிமா வரலாற்றில் வெற்றிப் படம், தோல்விப் படம் என்ற கணக்கு பெரும்பாலும் 'ஏ' சென்டர் கணக்கு. சின்ன ஊர்களின் தீர்ப்பு இந்த நோட்டுகளில்தான் பதிவாகியிருக்கிறது. எண்கள் நூற்றுக்கு நூறு உண்மை என்று சொல்ல மாட்டேன், கிழிக்காத டிக்கெட் கதை மேலேயே இருக்கிறது. ஆனாலும் இதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

உங்கள் ஊரில் மூடிய தியேட்டர் இருந்தால், அதன் பழைய மேனேஜரோ ஓனர் வீட்டாரோ இருந்தால், அடுத்த முறை போகும்போது கேட்டுப் பாருங்கள். பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுவதற்குள் போனால் நல்லது. நோட்டு கிடைத்தால் போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள்.