கட்டடத்தைப் பார்த்தது போதும், கட்டிலை எண்ணுங்கள்!

தெலுக் பங்லிமா காராங்கில், கேரித் தீவுக்குப் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி ஒரு வீடு. அப்பா செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். அம்மாவுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. மூத்த மகள் எஸ்.டி.பி.எம். தேர்வில் நன்றாகத் தேறி விட்டாள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறப் போன என் முன்னால், தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய உறைகளை வைத்தார் அந்த அப்பா. இரண்டும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் அனுப்பியவை.

"அண்ணே, நாலு இடம் போய் வர்றவரு நீங்க. இதுல எதுல சேர்க்கலாம், சொல்லுங்க."

ஒரு கல்லூரியின் புத்தகம் கல்யாணப் பத்திரிகை போல் பளபளத்தது. ஆறு மாடி, நீச்சல் குளம், கண்ணாடிச் சுவர். கட்டணத்திலும் இருபதாயிரம் வெள்ளி குறைவு. மற்றது மெலிந்த புத்தகம். அப்பாவின் கை முதல் புத்தகத்தின் மேலேயே இருந்தது. மகள் ஒன்றும் பேசவில்லை.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இவர்களுக்கு ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது?"

மூன்று பேரும் புத்தகத்தைப் புரட்டினார்கள். பளபளப்பான புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் ஒரு வரி. மருத்துவமனைப் பயிற்சிக்குப் பின்னர் ஏற்பாடு செய்யப்படுமாம்!

வாசக அன்பர்களே, டாக்டர் படிப்பு பெரும்பாலும் ஐந்து ஆண்டு. முதல் இரண்டு அல்லது இரண்டரை ஆண்டு வகுப்பறையிலும் ஆய்வுக்கூடத்திலும் கழியும். உடல் எப்படி அமைந்திருக்கிறது, மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் அப்போது. பிற்பாதி முழுவதும் ஆஸ்பத்திரி வார்டில். பொது மருத்துவம், அறுவை, பிரசவம், குழந்தைகள், எலும்பு முறிவு, மனநலம் என்று சில வாரங்களுக்கு ஒரு பிரிவாக மாறி மாறிப் போவார்கள். வார்டுச் சுற்று என்று வைத்துக் கொள்வோம். நோயாளியிடம் பேசவும், வயிற்றைத் தொட்டுப் பார்த்து ஈரல் வீங்கியிருப்பதைக் கண்டு பிடிக்கவும், ஊசி குத்தவும், பிரசவத்தில் பிள்ளையைக் கையில் ஏந்தவும் அங்கேதான் கற்க முடியும். நம் தோட்டத்து டிரசர் ஐயாவை நினைத்துப் பாருங்கள். பெரிய பட்டம் கிடையாது. ஆனால் பிரட்டுக் களத்தில் ஆள் நிற்கும் நிற்பைப் பார்த்தே காய்ச்சல் என்று சொல்லி விடுவார். ஆயிரம் பேரைப் பார்த்துப் பழகிய கண் அது.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பிரிவு தொடங்கிய போது இதை நன்றாக உணர்ந்திருந்தார்கள். அதன் முதல் தலைவர் டாக்டர் டி.ஜே. தனராஜ். 1964-ல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பல்கலைக்கழகத்தின் சொந்த மருத்துவமனையும் பக்கத்திலேயே எழுந்து விட்டது. வகுப்பிலிருந்து வார்டுக்கு நடந்தே போகலாம். 1970-களில் தொடங்கிய தேசியப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவுக்கு அந்த வசதி இல்லை. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் இடம் வாங்கித்தான் இருபது ஆண்டுக்கு மேல் பாடம் நடத்தினார்கள். செராஸில் சொந்த மருத்துவமனை வந்தது 1997-ல். ஆனாலும் அந்த இரவல் இடத்தில் படித்தவர்கள் சோடை போகவில்லை. நாட்டின் பெரிய ஆஸ்பத்திரி அது. நோயாளிக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே சொந்த ஆஸ்பத்திரி இருந்தால்தான் நல்ல கல்லூரி என்று நான் சொல்ல வரவில்லை. இரவல் என்றால் யாரிடம் இரவல், எத்தனை காலத்துக்கு, இன்னும் எத்தனை பேர் அதே இடத்தைக் கேட்டு நிற்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முந்திய தலைமுறையில் நம்மவர் பலர் இந்தியாவுக்குக் கப்பலேறிப் படித்தார்கள். 1953-ல் தொடங்கிய கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியை எடுத்துக் கொள்ளுங்கள். மாணவர்கள் மணிப்பாலில் பாடம் படித்து விட்டு, வார்டுச் சுற்றுக்கு மங்களூருக்கு இறங்கி வருவார்கள். அங்கே 1848-ல் ஏற்பட்ட வென்லாக் அரசாங்க ஆஸ்பத்திரி. பிரசவத்துக்கு லேடி கோஷன் ஆஸ்பத்திரி. தனியார் கல்லூரியும் அரசாங்க ஆஸ்பத்திரியும் கை கோர்த்த ஏற்பாடு அது. ஏழை நோயாளிகள் ஏராளம் என்பதால் கற்றுக் கொள்ளவும் ஏராளம் கிடைத்தது. மொழிதான் வேறு. ஆனால் வலிக்குக் கன்னடத்திலும் 'நோவு' என்றே சொல்கிறார்கள். அந்த ஒரு சொல் நம் பிள்ளைகளுக்குப் பாதிக் கிணறு தாண்டின மாதிரி!

மலேசியாவிலேயே தனியார் கல்லூரிகள் வந்த பிறகு வகைக்கொரு ஏற்பாடு. 1992-ல் தொடங்கிய ஐ.எம்.யு., பாடத்தை புக்கிட் ஜாலிலிலும் வார்டுச் சுற்றை சிரம்பான் துவாங்கு ஜாஃபார் ஆஸ்பத்திரியிலும் வைத்துக் கொண்டது. மோனாஷ் மாணவர்கள் சன்வேயில் படித்து விட்டு ஜொகூர் பாருவுக்குப் போனார்கள். கெடாவில் பெடோங்கில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரி. மலாக்கா மணிப்பால் கல்லூரி 1997-லிருந்து பல ஆண்டுகள் முதற்பாதியை இந்தியாவிலும் பிற்பாதியை இங்கேயும் நடத்தியது. நமது கோல லங்காட் மாவட்டத்திலேயே, ஜென்ஜாரோம் பக்கம், மாசா பல்கலைக்கழகம் இருக்கிறது. "பஸ் ஏறினால் காலேஜ்" என்று நம் தாய்மார்கள் மகிழ்கிறார்கள். நியாயம்தான். ஆனால் வகுப்பறை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக வார்டும் பக்கத்தில் இருக்கும் என்று எந்தக் கல்லூரி விஷயத்திலும் நினைத்து விடாதீர்கள். மூன்றாம் ஆண்டில் பிள்ளை வேறு ஊருக்கு மாறினால் வாடகை, சாப்பாடு, மோட்டார் சைக்கிள், இரவுக் கடமை முடித்து வீடு திரும்பும் வழி, எல்லாம் புதுச் செலவு. நம் லோரிக்காரர் பெருமையாகச் சொன்ன இருபதாயிரம் வெள்ளி லாபம், கணக்குப் போட்டுப் பார்த்த போது இரண்டு வருட வாடகையிலேயே கரைந்து போயிற்று. வைத்த பணமோ அவருடைய சேமநிதிப் பணம்.

வெளிநாட்டு ஆசை உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2005-ல் கிரிமியா அரசாங்க மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கியிருந்த அங்கீகாரத்தை நம் அரசாங்கம் மீட்டுக் கொள்ள முடிவு செய்த போது, எத்தனை இந்தியக் குடும்பங்கள் பதறிப் போயின என்பதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கே படிப்பதானாலும் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜண்டு வாயால் கேட்டால் போதாது, மன்றத்திடமே விசாரியுங்கள். அதோடு அங்கே நோயாளி எந்த மொழி பேசுகிறார், மாணவர் நோயாளியைத் தொட அனுமதி உண்டா, ஓரமாய் நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரியா என்பதையும் கேளுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பட்டம் வாங்கிய மறுநாள் யாரும் முழு டாக்டராகி விடுவதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக வேலை பார்க்க வேண்டும். முன்பு ஓராண்டாக இருந்த பயிற்சி 2008-லிருந்து ஈராண்டு ஆயிற்று. 2016 டிசம்பரிலிருந்து ஒப்பந்த நியமனமும் வந்து விட்டது. நடுநிசியில் வார்டில் தனியாக நிற்கும் போது, நூறு பேருக்கு ரத்தம் எடுத்துப் பழகிய பிள்ளைக்கும் பொம்மைக் கையில் மட்டும் குத்திப் பழகிய பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் ஒரே வாரத்தில் தெரிந்து விடும். பயிற்சியைத் தாங்க முடியாமல் பாதியில் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக் கொண்ட ஒரு பிள்ளையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளை. வார்டில் போதிய பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு மாலை மகளிடம் சொன்னேன்: "புத்தகத்தை மூடு. இரண்டு கல்லூரி மாணவர்களும் போகும் ஆஸ்பத்திரி எது என்று கேட்டு, அங்கே கேண்டீனில் போய் உட்கார். குட்டை வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் மீ கோரேங் சாப்பிட வருவார்கள். அவர்களிடம் கேள்."

அம்மாவின் லீவு நாளில் இருவரும் போனார்கள். பளபளப்பான கல்லூரியின் மாணவர்கள் ஒளிவு மறைவில்லாமல் பேசினார்களாம். ஒரு நோயாளியைச் சுற்றிப் பதினான்கு பேர் நிற்கிறார்கள். பின்வரிசைக்கு நோயாளியின் கால் கட்டை விரல்தான் தெரியும். அதே வார்டில் வேறு கல்லூரிக்காரர்களும் உண்டு. பாடம் சொல்லித் தருவது ஆஸ்பத்திரி நிபுணர். அவருக்கு நேரம் கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. நான்காம் ஆண்டில் இருந்த ஒரு பையன் இதுவரை இரண்டு பிரசவம்தான் பார்த்திருக்கிறான். மெலிந்த புத்தகத்துக் கல்லூரியில் ஒரு குழுவுக்கு ஆறு பேர், கல்லூரி சம்பளம் கொடுத்து வைத்த ஆசிரியர் தினமும் வார்டுக்கு வருகிறார், இரவுக் கடமை கட்டாயம். "தூக்கமே இல்லை அக்கா" என்று அலுத்துக் கொண்டாளாம் ஒரு மாணவி. அலுத்துக் கொண்டாலும், அன்று காலை தான் கண்டு பிடித்த இதயக் கோளாற்றைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினாளாம்.

இன்னொன்றையும் அம்மா கவனித்திருக்கிறார். வார்டு வாசலில் ஒரு தோட்டத்துப் பாட்டி, எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் மலாயில் தடுமாறிக் கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் போய்த் தமிழில் கேட்டாள். பாட்டி மூச்சு விடாமல் ஐந்து நிமிடம் பேசினார். அதை அப்படியே மலாயில் தாதியிடம் மகள் சொன்னாள். தாதி எழுதிக் கொண்டார்.

லோரிக்காரர் மறுவாரம் எனக்குப் போன் செய்தார். இரண்டு கல்லூரிக்கும் போன் போட்டு, ஆஸ்பத்திரியோடு செய்த ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்று கேட்டிருக்கிறார். ஒரு கல்லூரி ஆண்டைச் சொன்னது. மகள் படிப்பு முடித்து இரண்டு வருடம் கழித்துத்தான் அது முடிகிறது. மற்றது, "திரும்பக் கூப்பிடுகிறோம்" என்றது. இன்னும் கூப்பிடவில்லை. பதிவுக் கட்டணத்தைத் திங்கட்கிழமை கட்டப் போவதாகச் சொன்னார். மெலிந்த புத்தகத்துக் கல்லூரிக்குத்தான்.